பரவாத சொட்டு

சொட்டு பரவவில்லை. சிலிகான் துண்டின் மேல் முத்துப்போல உருண்டு நின்றது. தண்ணீர்ச் சொட்டின் ஓரம் துண்டைத் தொடும் கோணத்தை மாரிச்செல்வி திரையில் அளந்தாள். தொண்ணூற்றாறு.

ஊசியை மாற்றினாள். தண்ணீரையும் மாற்றினாள். அடுத்த துண்டில் தொண்ணூற்றெட்டு. பன்னிரண்டு துண்டிலும் இதே கதை. பத்து நாளைக்கு முன், தண்ணீர் ஒட்டும்படி மேற்பரப்பை மாற்றும் பிளாஸ்மா இயந்திரத்தில் வைத்து எடுத்தபோது முப்பதுதான் இருந்தது. விட்ட தண்ணீர் அப்படியே படர்ந்தது. அப்படிப் படர்ந்தால்தான், நோயாளியின் உடம்புக்குள் கிடக்கும் சிலிகான் யூரின் டியூபில் கிருமி எளிதில் ஒட்டாது. நாளைக் காலை ராமநாதபுரம் கல்லூரியின் துறைக் கூட்டத்தில் அவள் இதைக் காட்டியாக வேண்டும். போன தடவை "பாதி வேலை" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். இந்தத் தடவையும் தவறினால் ஆறு மாதம் போச்சு.

மேசை துடைக்க வந்த ஆய்வக உதவியாளர் பால்சாமி எட்டிப் பார்த்தார்.

"என்ன தாயி, முதுகுளத்தூர் பஸ்ஸ விட்டவ மாதிரி நிக்கிற?"

அப்போதுதான் துண்டுகளை வைத்திருந்த தட்டின் விளிம்பில் காய்ந்திருந்த சந்தனப் பொட்டு அவள் கண்ணில் பட்டது.

"அண்ணே, இத ஆயுத பூசையில வச்சீகளா?"

"பின்னே? மெசினுக்கெல்லாம் பொட்டு வச்சுட்டு, உன் தட்ட மட்டும் ஒதுக்கவா? சாம்பிராணியும் காட்டுனேன்."

"மூடியோடதானே?"

"மூடி இருந்தா புகை எப்படிப் படும்?"

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. புகையின் பிசுக்கு மெல்லிசாகப் படிந்தாலே போதும், தண்ணீர் ஒட்டாது. "ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல? என் வேலையவே பாழாக்கிட்டீக!"

பால்சாமியின் கைத்துணி நின்றது. "நல்லா வரணும்னுதான் செஞ்சேன். காலையில கூட்டத்துல நானே வந்து சொல்றேன், என்னாலதான்னு."

கோபத்துக்கு நடுவிலும் அவளுக்கு மூச்சு வந்தது. முறை சரி, புகைதான் கெடுத்தது. அவகாசம் கேட்கலாம். சாம்பிராணிப் புகைதான் காரணம் என்று நோட்டில் எழுதியும் விட்டாள்.

"ஓரம் கிழிஞ்சதுன்னு ஒண்ண டப்பாவுல மூடி டிராயருக்குள்ள போட்டியே, அது பூசைக்கு வரல," என்றார் பால்சாமி தயங்கியபடி. "அது ஒனக்கு ஆகாதா?"

அவளுக்கே மறந்துபோயிருந்தது. அதே நாளில் பிளாஸ்மா கண்ட துண்டு. எடுத்து வைத்துச் சொட்டு விட்டாள். உருண்டு நின்றது. தொண்ணூற்று நான்கு. இன்னொரு சொட்டு. தொண்ணூற்றைந்து.

புகையே படாத துண்டும் அப்படித்தான். சிலிகான் தானாகவே, தண்ணீர் ஒட்டாத தன் பழைய குணத்துக்குத் திரும்பிவிட்டது. நோயாளிக்குள் வாரக்கணக்கில் கிடக்க வேண்டிய குழாய். அவள் கொடுத்த மாற்றமோ பத்து நாள்கூடத் தாங்கவில்லை.

"அப்ப சாம்பிராணி இல்லையா?" பால்சாமியின் முகம் தெளிந்தது.

"இல்லண்ணே. நான்தான் வாய விட்டுட்டேன்."

"விடு தாயி. காலையில நான் வரணுமா?"

"வேணாம்."

இனித் திட்டுவதற்கும் ஆளில்லை. சாம்பிராணி பற்றி எழுதியிருந்ததைக் கோடு போட்டு அடித்தாள்; அழுத்திய அழுத்தில் தாள் கிழிந்தது. கிழிசலுக்குக் கீழே எழுதினாள்: துண்டு 13, புகை படாதது, 94.