கற்பூரம் அணைத்தவன்

"கேக்காததயெல்லாம் சொல்லாதம்மா" என்று ஏட்டு வெள்ளைத்துரை ஒரு தடவை சொல்லித்தான் பார்த்தார்.

வேம்பு கேட்டால்தானே! வாசலில் காக்கிச் சட்டையைக் கண்டதும் முதலில் அவள் கதவைப் பாதி சாத்தினாள். விஷயம் தெரிந்ததும் பயம் பெருமையாகிவிட்டது. மகன் கருணாகரன் சப்-இன்ஸ்பெக்டர் வேலைக்கு ஓட்டம், மார்பளவு, பரீட்சை, இண்டர்வியூ எல்லாம் தாண்டிவிட்டான். நடத்தை எப்படி என்று தெருவில் விசாரிப்பது ஒன்றுதான் பாக்கி. அதற்குத்தான் ஏட்டு மந்தைவெளியின் அந்தச் சந்துக்குள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்திருந்தார். அடையாற்றில் ஒரு நர்சிங் ஹோமில் ஆயா வேலை பார்த்துப் பிள்ளையை பி.ஏ. வரை படிக்க வைத்தவள், அவன் நடத்தையைப் பற்றிக் கேட்டால் வாயை மூடிக்கொண்டு இருப்பாளா?

"ஒளிக்கறதுக்கு இன்னா கீது சார்? காலேஜுல சேர்ந்த புதுசுல சேர்க்கை சரியில்லாம கஞ்சா அடிச்சிக்கினு இருந்தான். நாந்தான் இட்டுக்கினு போயி அம்மன் முன்னால கற்பூரம் அணைக்க வச்சேன். அன்னியிலேருந்து பீடி கூட தொட்டதில்ல. தெருவுல யாரை வோணா கேளு."

ஏட்டு தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிக்கொண்டார். நல்ல மனுஷன்தான். ஆனாலும் காதில் விழுந்ததைத் தெருவில் விசாரித்துத்தானே தீர வேண்டும். கேட்டார். தெருவும் வஞ்சகமில்லாமல் சொல்லிற்று. எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் பொத்தி அணைத்தபோது பையன் முகம் கூடச் சுளிக்கவில்லை என்றும், அப்படி ஒரு வைராக்கியம் இந்தத் தெருவில் எவனுக்கும் வராது என்றும் தையல்கடை சர்தார் சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னார். கோயில் பூசாரி தானே சாட்சி என்றார். வாய்க்கு வாய் புகழ்ச்சி. நடுநடுவே கஞ்சா என்ற சொல்லும் வந்துகொண்டே இருந்தது.

கிளம்பும்போது ஏட்டு வேம்புவிடம் இன்னொன்றும் கேட்டார். முனை வீட்டு ஜவஹரும் இதே வேலைக்குத் தேறியிருக்கிறான், அவன் எப்படி?

அந்தச் சேர்க்கையே அவன்தான். தி.நகரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் சண்முகசுந்தரத்தின் பிள்ளை. வீட்டில் பிடிபட்டதும், மஞ்சள்காமாலை என்று சொல்லித் தென்காசியில் மாமா வீட்டுக்கு அனுப்பி வைத்தார்கள். தெருவுக்கு எல்லாம் தெரியும். தெரிந்தேதான் பெண்கள் கீழாநெல்லி பறித்துக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். திரும்பி வந்தவன் இன்றைக்கும் சாயங்காலம் மொட்டை மாடியில் புகைவிடுவான். வாடை சந்து முழுக்க வரும். ஊதுபத்தி என்பார்கள். ஊரார் பிள்ளையின் பிழைப்பில் மண்ணைப் போடுவது பாவமல்லவா?

"தங்கமான புள்ள சார். நடுவுல காமாலை வந்து பாவம் ரொம்ப கஸ்டப்பட்டுச்சு" என்றாள் வேம்பு.

அடுத்த மாதம் ஜவஹர் பயிற்சிக்குக் கிளம்பினான். சண்முகசுந்தரம் வீட்டில் லட்டு கொடுத்தார்கள், வேம்புவுக்கும் வந்தது. கருணாகரனுக்கு மட்டும் ஒரு தகவலும் இல்லை. அவனே ஆபீசுக்குப் போய்க் கேட்டான். போதைப் பழக்கம் இருந்தவன் என்று விசாரணையில் வந்திருக்கிறதாம். விட்டுவிட்டேன் சார் என்றானாம். விட்டேன் என்றால் தொட்டிருக்கிறாய் என்றுதானே அர்த்தம் என்றாராம் அங்கிருந்த அதிகாரி. சர்க்காரே சாராயக்கடை திறந்துவிட்டிருந்த காலம் அது.

இதையெல்லாம் அவன் ஊர்க்கதை சொல்வது போலச் சொல்லிவிட்டுக் கை கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தான். உன் வாய்தான் என்னைக் கெடுத்தது என்று அவன் நாலு வார்த்தை திட்டுவான் என்று வேம்பு காத்திருந்தாள். திட்டியிருந்தால் ஆறியிருக்கும்.

"சோத்தப் போடும்மா" என்றான்.

போட்டாள். அவளுக்கு அழுகை வரவில்லை. வந்தால் தேவலை என்றிருந்தது. மறுநாள் வேலைக்குப் போய் யாரோ பெற்ற பிள்ளைக்குக் கால் நீட்டி உட்கார்ந்து தண்ணீர் ஊற்றினாள். ஆண் குழந்தை. நல்ல எடை என்று எல்லோரும் சொன்னார்கள், இவளும் சொன்னாள்.

சண்முகசுந்தரம் ஈரமுள்ளவர். நம்பகமான பையன் என்று கருணாகரனைத் தன் கடைக்கு வாட்ச்மேனாகச் சேர்த்துக்கொண்டார். ஜவஹர் லீவில் கடைக்கு வந்தால் கருணாகரன் எழுந்து கதவைத் திறந்துவிடுவான். மச்சி என்று கூப்பிட்ட வாய், சார் என்று பழகிக்கொண்டது. அதிலும் அவன் குறையொன்றும் சொல்லவில்லை. வேம்பு அவன் வாட்ச்மேன் சட்டையைத் துவைத்துக் காயப் போடுவாள். பிறகு வேலைக்குப் போவாள்.

ஆடி மாதத்தில் ஒருநாள் பின்தெரு புஷ்பம் வந்தாள். அவள் பிள்ளையும் அந்தப் புகையில் விழுந்துவிட்டான். பத்தாவது தேறிய பையன். வெள்ளிக்கிழமை அம்மன் கோயிலில் கற்பூரம் அணைக்கப் போகிறானாம். நாலு பேர் பார்க்கச் செய்தால்தான் பயம் இருக்கும், நீயும் வந்து நில்லு அக்கா, உன் பிள்ளையை மாற்றின கை என்று கெஞ்சினாள்.

வேம்பு அவளை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள்.

"கோயிலுக்கு வாணாம் புஷ்பம். வூட்டுக்குள்ளயே கெஞ்சு, அடி, அவன் கால்ல வேணா வியு. ஈ காக்காய்க்குத் தெரியக் கூடாது."

"இன்னாக்கா சொல்ற? சாமி முன்னால சத்தியம் பண்ணாத்தானே அவனுக்கு புத்தி வரும்?"

"புத்தி வரும்" என்றாள் வேம்பு. "வேலை வராது."