பதினோராவது கன்று

அக்கா குளியலறை வாளியைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்கே வந்துவிட்டாள். உள்ளே அரை வாளித் தண்ணீர். அதில் ஈரச் செய்தித்தாளில் வேர்களைச் சுற்றிய பதினோரு கன்றுகள். தரை துடைக்க வாளி வேண்டும், இந்தக் குப்பையை எங்கே கொட்டுவது என்று கேட்டாள்.

"கொட்டிடு," என்றாள் அவள்.

அக்கா வாசற்படி தாண்டுவதற்குள் எழுந்துபோய் வாளியைப் பிடுங்கிக்கொண்டாள். "வேணாம். இருக்கட்டும்."  தங்கைக்குப் புருஷன் போன அதிர்ச்சி என்று நினைத்துக்கொண்டு அக்கா வேறு பாத்திரம் தேடப் போனாள்.

காலை ஒன்பது மணிக்கு மாடிப்படியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. மகன் அங்கே கையெழுத்துகள் போட்டுக்கொண்டிருந்தான். உடலைச் சாயங்காலம்தான் கொடுப்பார்களாம். அதுவரை வருகிறவர்களுக்கு நாற்காலி போடுவதும், எப்படி நடந்தது என்று ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொல்வதும்தான் வேலை. மூன்று தடவை மாடி ஏறினார் என்று சொன்னாள். எதற்கு ஏறினார் என்று கேட்டவர்களிடம் தெரியவில்லை என்றாள்.

அவர் கட்டடங்களுக்கு வரைபடம் போட்டு ஓய்வு பெற்றவர். வீட்டில் பத்துக் கேள்விக்கு ஒரு 'ம்' வரும். அதுவும் நல்ல நாளாக இருந்தால். அப்படிப்பட்ட மனுஷனுக்கு, எதிர்வீட்டில் குடிவந்த தாவரவியல் டீச்சரைப் பார்த்ததும் எங்கிருந்துதான் வாய் முளைத்ததோ. ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தம்மா தொட்டியில் குட்டையாக வளர்த்த ஒரு போன்சாய் மரத்தைக் கொண்டுவந்து காட்டினாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை முதல் மொட்டைமாடி அவர்கள் இருவருக்கும் என்று ஆகிவிட்டது.

இவள் டீ எடுத்துக்கொண்டு மேலே போவாள். இவளைக் கண்டதும் அவர்கள் பேச்சை நிறுத்தியிருந்தால் அன்றைக்கே இரண்டில் ஒன்று பார்த்திருப்பாள். நிறுத்தமாட்டார்கள். வேர், கம்பி, சலித்த மண் என்று பேசிக்கொண்டே டம்ளரை வாங்கிக்கொள்வார்கள். அவர்களிடம் தப்பாக ஒன்றும் இல்லை, அதுதான் அவளுக்கு வயிற்றெரிச்சல். சண்டை போட ஒரு காரணத்தைக்கூட அவர்கள் கொடுக்கவில்லை.

இந்த வருடம் ஒரே தொட்டியில் காடு வைக்கக் கிளம்பினார்கள். தட்டு மாதிரி ஆழமில்லாத நீளத் தொட்டி. நர்சரியில் யாரும் வாங்காமல் ஒதுக்கிய கன்றுகளாகப் பார்த்துப் பொறுக்கினார்கள். ஒன்று ஒரு பக்கம் மட்டுமே கிளை விட்டிருந்தது, ஒன்று கழுத்து நீண்டு கிடந்தது, இன்னொன்று நிற்கவே தெரியாமல் சாய்ந்திருந்தது. தனியாக வைத்தால் பார்க்கச் சகிக்காது, சேர்த்து வைத்தால்தான் காடு என்று டீச்சர் சொன்னதும், அவர் வாய்விட்டுச் சிரித்ததும் படியில் டீயோடு நின்றவளுக்குக் கேட்டது. அந்தச் சிரிப்பை அவள் கல்யாண ஆல்பத்தில்கூடப் பார்த்ததில்லை.

நேற்றுச் சாயங்காலம் சாப்பாட்டு மேசையில் அந்தத் தாள் கிடந்தது. எந்தக் கன்று எங்கே என்று அவர் போட்ட படம். பெரியது நடுவில் இல்லை, இடதுபுறம் கொஞ்சம் தள்ளி. சின்னவை பின்னால், தூரம் தெரிவதற்காக. எந்த மூன்றும் ஒரே கோட்டில் வராமல் வட்டங்கள், எண்கள். ஓரமெல்லாம் டீச்சரின் உருண்டைப் பென்சில் எழுத்து. எல்லாவற்றுக்கும் மேலே அவர் கையால் ஒரு தலைப்பு: நம்ம காடு.

முப்பத்தோரு வருடத்தில் இந்த வீட்டைக்கூட அவர் 'நம்ம வீடு' என்று சொன்னதாக அவளுக்கு நினைவில்லை. தாளை எடுத்துத் தன் அளவு நோட்டில் செருகினாள். தையற்காரியின் நோட்டு, ஊரார் தோள் அளவுக்கும் இடுப்பு அளவுக்கும் நடுவே யார் தேடப்போகிறார்கள். செருகிவைத்ததோடு விட்டாளா என்றால், இல்லை. புண்ணைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிற மாதிரி அதை எடுத்து எடுத்துப் பார்த்தாள்.

காலையில் அவர் கன்றுகளின் வேரைக் கழுவி, வெட்டி, வாளியில் வைத்த பிறகுதான் தாளைத் தேடினார். ஒரு கோடு போடுவதற்கு முன்னால் மூன்று பென்சில் சீவி வைத்துக்கொள்கிற மனுஷன், இன்றைக்கு ஆசையில் அவசரப்பட்டுவிட்டார். மண் இல்லாத வேர் வெகுநேரம் தாங்காது. மாடிக்கும் கீழுக்குமாக அலைந்தார்.

"இங்க வெச்ச தாளப் பாத்தியா?"

"எந்தத் தாளு?" தலையை நிமிர்த்தாமல் மிஷினை ஓட்டினாள்.

ஏறினார், இறங்கினார். மறுபடி ஏறினார், இறங்கினார். மூன்றாவது தடவை ஏறும்போது படியில் ஏதோ சத்தம் கேட்டது. கையிலிருந்த தையலை ஓரம்வரை ஓட்டி, நூலைக் கத்தரித்துவிட்டுத்தான் அவள் எழுந்தாள்.

டீச்சர் பகல் இரண்டு மணிக்கு வந்தாள். நடுவதற்காகப் பத்து மணிக்கு வந்தவள், வாசலில் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பிப் போயிருந்தாளாம். கண்கள் வீங்கியிருந்தன. அதைப் பார்த்ததும் இவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. தன் கண் காலையிலிருந்து காய்ந்து கிடக்க, இந்த டீச்சருக்கு யார் கொடுத்தது இத்தனை அழுகை? டீச்சர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பிறகு தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"வேரு தண்ணியிலதான இருக்கு?"

"இருக்கு."

"இன்னிக்கே நடலேன்னா போயிடும். நீங்க சரின்னு சொன்னா நான் எடுத்துட்டுப் போயி..."

"இந்த வீட்லேர்ந்து ஒண்ணும் வெளிய போகாது."

 அக்கா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் இவள் வாளியைத் தூக்கியிருந்தாள். "மேல வாங்க, டீச்சர்."

மாடியில் எல்லாம் அவர் வைத்தபடியே இருந்தன. தொட்டியின் ஓட்டைகளுக்கு வலை போட்டு, வேரைக் கட்டுவதற்கான கம்பிகளைக் கீழிருந்து மேலே இழுத்து விட்டிருந்தார். சலித்த மண் பக்கத்தில் குவிந்திருந்தது. டீச்சர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, சார் ஒரு படம் போட்டு வைத்திருந்தாரே என்றாள். படம் கிடைக்கவில்லை என்று இவள் சொன்னாள். சரி, நினைவிருக்கிறவரை வைப்போம் என்று டீச்சர் பெரிய கன்றை எடுத்துத் தொட்டியில் நிறுத்தினாள்.

"அங்க இல்ல. இன்னும் ரெண்டு வெரக்கடை எடப்பக்கம்."

டீச்சர் நிமிர்ந்து பார்த்தாள். இவள் அதைக் கவனிக்கவில்லை. குனிந்து அடுத்த கன்றை எடுத்தாள்; அதற்கடுத்ததையும் எடுத்தாள். ஒருபக்கக் கிளை விட்டதை வலது பக்கம், கிளை வெளியே பார்க்க. கழுத்து நீண்டது பெரியதற்குப் பின்னால். துணியில் சுண்ணக்கோடு போடுவதைப்போல விரலால் அளந்து அளந்து வைத்தாள். டீச்சர் தண்டைப் பிடித்துக்கொண்டாள், கம்பியை முறுக்கினாள், குச்சியால் வேர்களுக்கிடையே மண்ணைக் குத்தி இறக்கினாள்.  பார்த்துப் பார்த்து எரிந்ததில் அந்தத் தாள் முழுவதும் அவளுக்குள் பதிந்துபோயிருந்தது.

பத்தும் முடிந்தன. கடைசிக் கன்று கையில் இருந்தது. எல்லாவற்றிலும் சின்னது, நிற்கத் தெரியாமல் சாய்ந்தது. தாளில் அதன் வட்டம் தொட்டிக்கு வெளியே இருந்தது. பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.

"இதுக்கு மட்டுந்தான் எடம் போடல," என்றாள்.

டீச்சரின் கை கம்பியிலேயே நின்றது. சொன்ன பிறகுதான் இவளுக்கும் தான் சொன்னது காதில் விழுந்தது. கீழே யாரோ நாற்காலி இழுத்தார்கள். டீச்சர் அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு படிக்கட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அவர் மூன்று தடவை மாடி ஏறிய கதையை அவளும் கீழே கேட்டிருப்பாள்.

கேட்கட்டும் என்று நின்றாள் இவள். தாள் எங்கே என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும், எல்லாவற்றையும் கொட்டிவிடலாம்.

"அது எங்க வைக்கிறதுன்னு எங்களுக்குள்ள தகராறு," என்றாள் டீச்சர்.  "நான் முன்னாடின்னேன். சார் பின்னாடின்னார். ஒரு வாரமாச் சண்ட."

தன்னோடு அவர் ஒரு நாள்கூடச் சண்டை போட்டதில்லை. அவர் செத்த பிறகும் அது இவளுக்கு உறைத்தது. அப்படி உறைப்பதை நினைத்து வெட்கமாகவும் இருந்தது.

"நீங்களே வைங்க," என்றாள் டீச்சர்.

அவள் அதை முன்னாலும் வைக்கவில்லை, பின்னாலும் வைக்கவில்லை. மற்ற பத்தையும் விட்டு விலகி, தொட்டியின் வலது ஓரத்தில், காட்டைப் பார்த்துச் சாய்ந்திருக்கும்படி நிறுத்தினாள். டீச்சர் அதன் வேரைக் கட்டினாள். மண்ணை நிரவி, பூவாளியால் தண்ணீர் ஊற்றத் தொடங்கினாள். தொட்டியின் அடியிலிருந்து செம்மண் கலங்கல் வழிந்தது. அது தெளியும்வரை ஊற்ற வேண்டும்.

கலங்கல் தெளியவில்லை, அதற்குள் வாசலில் ஆஸ்பத்திரி வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது. கதவு திறந்தது. மகன் கீழிருந்து அம்மா என்று கூப்பிட்டான்.

இந்தத் தடவை அவள் உடனே எழுந்துவிட்டாள். கையைக்கூடக் கழுவவில்லை. படிகளில் இறங்கும்போது சுவரைப் பிடித்த இடங்களிலெல்லாம் ஈரமண் ஒட்டியது.