பட்டமேலாடை போர்த்திய நீர்க்கலன்கள்

கீழ்க்கடலில் எழுந்த இளங்கதிரவன் எண்ணூர்க் கழிமுகத்துப் படகுகளுக்குப் பொன் பூசி, நிலக்கரி வரத்து குன்றியதால் புகையின்றி நின்ற அத்திப்பட்டு அனல்மின் நிலையப் புகைக்கூண்டுகளை வருடி, திருவொற்றியூர்க் கடலோரப் பல்கலைக்கழகத்து மகளிர் விடுதியின் பலகணிகளை எட்டிப்பார்த்த அவ்வேளையில், அன்புடன் படிப்போரே, விடுதிக் காப்பாளர் கார்குழலி அம்மையார் தலையில் கைவைத்தவாறு ஒரு நீர்க்கலத்துக்குள் குனிந்து நின்றார். உள்ளே கொசுப்புழுக்கள் குதூகலமாய்க் கூத்தாடிக்கொண்டிருந்தன.

ஊரெங்கும் கொசுக்காய்ச்சல், நாளெல்லாம் மின்வெட்டு. மின்னாற்றல் இல்லையேல் நீரேற்றும் பொறி ஓடாது. பொறி ஓடாவிடில் விடுதிக்குக் குளிக்கவும் நீரில்லை. புளியந்தோப்பில் பிறந்து, குழாயில் நீர் வந்தால் கரண்டி வரை நிரப்பிவைக்கும் குடும்பத்தில் வளர்ந்த அம்மையார், புதிய கல்விப் பருவத்துக்கு விடுதியை அணியமாக்கும் முதல் வேலையாக, கண்ணில்பட்ட கலனையெல்லாம் நிரப்பச் சொல்லியிருந்தார். கலன்கள் நிரம்பின, அவற்றை மூடத்தான் யாருக்கும் தோன்றவில்லை.

"இன்னாம்மா இது, எல்லா டிரம்முலயும் புழு நெளிஞ்சிகினு கீது!" என்றாள் துப்புரவுப் பணியாளர் கெங்கம்மா.

"ரொப்புன்னு சொன்ன வாயும் இதான், மூடுன்னு சொல்ல மறந்த வாயும் இதான்!" என்று தம் வாயிலேயே தட்டிக்கொண்டார் அம்மையார்.

மறுநாள் காலை நலத்துறை அலுவலர் வருவார். ஒரு புழு கண்டாலும் விடுதி திறவாது. சென்ற ஆண்டு காய்ச்சலால் திறப்பு தள்ளிப்போனபோது வீட்டுக்குப் போன பெண்களுள் பலர் திரும்பவே இல்லை. இம்முறையோ, இறுதியாண்டு மாணவி சைமா பழவேற்காட்டிலிருந்து பெட்டியோடு முன்னதாகவே வந்து நின்றாள்.

"நாளைக்குத் தொறக்கலன்னா, வீட்ல மீஞ்சூர் குடோன்ல வேலைக்கு சேத்துடுவாங்க மேடம். அப்புறம் படிப்பு அவ்ளோதான்."

அந்தச் சொல் அம்மையாரின் நெஞ்சில் முள்ளாய்த் தைத்தது. சேலையை இழுத்துச் செருகினார். மூவருமாய்க் கலன்களைக் கவிழ்த்து வேப்பமரங்களுக்கு நீர்வார்த்து, சுவரெல்லாம் நார்கொண்டு தேய்த்துக் கழுவி முடிக்கவும், நண்பகலில் மின்னாற்றல் வரவும் சரியாயிருந்தது. கலன்கள் மீண்டும் நிரம்பின. ஆனால் மூடிகள் எங்கே? அப்போதுதான் நினைவுக்கு வந்தன, காய்ச்சலால் நின்றுபோன பட்டமளிப்பு விழாவுக்கென்று தைத்து, பண்டக அறையில் உறங்கிய கருநிற மேலாடைகள்!

செய்தி கேட்ட துணைவேந்தர் விரைந்து வந்தார்.

"அம்மா, அறிவுக்குச் சூட்டும் ஆடையைத் தண்ணீர்த் தொட்டிக்கா கட்டுவது?"

"ஐயா, நாளைக்குக் கதவு திறக்காவிட்டால் இதைப் போட்டுக்கொள்ளப் பிள்ளைகள் இருக்கமாட்டார்களே!"

அவர் விறுவிறுவெனத் திரும்பி நடந்தார். போச்சுடா, வேலைக்கு உலை வைத்துக்கொண்டோம் என்று அம்மையார் கலங்கினார். சிறிது நேரத்தில் துணைவேந்தரே தம் செந்நிற மேலாடையை ஏந்தி வந்து, "பெரிய தொட்டிக்கு இது போதுமா?" என்றார்.

மறுநாள் வந்த நலத்துறை அலுவலர் வரதன், நடைவழியில் கழுத்தில் கயிறு இறுக்கிக் கறுப்பாடை போர்த்தி வரிசையாய் நின்ற கலன்களைக் கண்டு திகைத்தார்.

"இன்னாம்மா, டிரம்முக்கெல்லாம் டிகிரி குட்த்துட்டீங்களா?"

சிரித்துக்கொண்டே கேட்டாலும் மனிதர் கண்டிப்பானவர். ஒவ்வொரு கயிற்றையும் அவிழ்த்து, விளக்கடித்துத் துழாவினார். சைமா பெட்டியின் கைப்பிடியை விடவேயில்லை. கடைசிக் கலனையும் பார்த்து நிமிர்ந்தவர், "தொறந்துக்கோங்கம்மா" என்றார். கெங்கம்மா போட்ட குலவையில் காக்கைகள் பறந்தோட, சைமாதான் முதலில் உள்ளே ஓடினாள்.

பருவங்கள் கழிந்து பட்டமளிப்பு விழா வந்தது. மேலாடைகளை எத்தனை முறை வெளுத்தும், தேய்த்தும், கழுத்தோரம் கயிறு பதிந்த தடம் போகவில்லை. சைமாவுக்கு மட்டும் புது மேலாடை ஒன்று தேடிக் கொணர்ந்தார் அம்மையார். அவள் வாங்கவில்லை.

"இதுவே இருக்கட்டும் மேடம். எனக்கு முந்தி பாஸானது அந்த டிரம்முதானே!"

அம்மையார் வாய்விட்டுச் சிரித்தார். கண்களோ கேளாமலே நிறைந்தன. சைமா மேடையேறினாள். அவள் கழுத்தோரக் கயிற்றுத் தடம் அத்தனை பேர் பார்வையிலும் பட்டது; அதை மறைத்துக்கொள்ள அவள் கையைக்கூடத் தூக்கவில்லை.