இடது கன்னம்

அந்தத் தெருவில் ஸ்டூடியோவின் பெயர்ப்பலகையை யாரும் படிப்பதில்லை. பாஸ்போர்ட் போட்டோ எங்கே எடுக்கலாம் என்று கேட்டால், "நேராப் போங்க, மொபைல் கடைக்கு அடுத்தது உம்மணாமூஞ்சி கடை" என்பார்கள். ஸ்டூடியோவை நடத்தும் அவன் காதிலும் அது விழுந்திருக்கிறது. மறுத்துப் பேச வாயைத் திறக்க வேண்டுமே என்று விட்டுவிட்டான்.

வாய் என்று சொல்வதைவிட இடது கன்னம் என்பதுதான் சரி. மூக்கோரம், உதட்டுக்குச் சற்று மேலே, மிளகு அளவு இடம். அங்கே லேசாக எது பட்டாலும், கரண்ட் கம்பியைத் தொட்ட மாதிரி ஒரு வெட்டு கன்னத்திலிருந்து தாடை வரை இறங்கும். இரண்டு மூச்சு விடும் நேரம்தான். ஆனால் அடுத்தது எப்போது என்று காத்திருப்பது முழுநேர வேலையாகிவிட்டது.

முதலில் பல்வலி என்றுதான் நினைத்தான். தங்கைதான் பல் டாக்டரிடம் இழுத்துப்போனாள். கடைவாய்ப்பல் போனது, வலி போகவில்லை. "பல்லு போன பிறகும் பல்வலியா? உனக்கு மட்டும் எங்கேருந்துதான் இப்படியெல்லாம் வருதோ" என்று சிரித்தாள். விளையாட்டாகச் சொன்னதுதான். இருந்தாலும் எல்லாம் தன் மனப்பிராந்தியோ என்று அவனுக்கே சந்தேகம் தட்டிவிட்டது. பிறகு நரம்பு டாக்டர் ஒருவர், "கற்பனை இல்லீங்க, முகத்து நரம்பு" என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார். மாத்திரை வலியைப் பாதியாக்கியது, தலையைப் பஞ்சாக்கியது. தங்கையிடம் அவன் எதையும் சொல்லவில்லை.

தனியாக இருப்பவனுக்கு ஆராய்ச்சி செய்ய நேரம் உண்டு. ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்த்தான். இரண்டை மாற்றினால் எது காரணம் என்று தெரியாது. ஃபேன் காற்று ஆகாது. குளிர்ந்த தண்ணீர் ஆகாது. பல் துலக்குவது, சவரம், மெல்லுவது, பேசுவது, எதுவும் ஆகாது. உள்ளங்கையால் அழுத்திப் பிடித்தால் பரவாயில்லை. விரல் நுனி லேசாக உரசினால் தொலைந்தோம். வெளியே போனால் மஃப்ளர் சுற்றிக்கொண்டான். கொளுத்தும் வெயிலிலும் சுற்றிக்கொண்டு போனவனைப் பார்த்து மொபைல் கடைக்காரர், "என்ன தம்பி, பனி பெய்யுதா?" என்றார்.

கண்டுபிடித்ததில் பெரியது ஒன்று இருந்தது. ஒரு வெட்டு வந்து போன பிறகு, கொஞ்ச நேரத்துக்கு அந்த இடத்தில் எது பட்டாலும் வலிக்காது. அந்த இடைவெளியில் சாப்பிடலாம். அதனால் சாப்பாட்டு வேளையில் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, துண்டின் முனையால் கன்னத்தைத் தானே தொடுவான். வெட்டை வாங்கிக்கொள்வான். பிறகு பாலில் ஊறிய ரொட்டியை அவசர அவசரமாக விழுங்குவான். இதைப் பார்க்க யாரும் இல்லாதது நல்லதுதான் என்று நினைத்துக்கொள்வான்.

இதற்கிடையில் தங்கையின் வீட்டுக்காரருக்குத் தொலைதூர நாட்டில் வேலை கிடைத்தது. அவள் போனில் துள்ளித் துள்ளிச் சொன்னதற்கெல்லாம் இவனால் "ம்" மட்டுமே போட முடிந்தது. "நாங்க போறது உனக்குப் பிடிக்கல, அதானே?" என்றாள் ஒருநாள். உண்மையை மெசேஜில் அடித்தான், அழித்தான். தெரிந்தால் பயணத்தை நிறுத்திவிடுவாள். இல்லாவிட்டால் மறுபடி சிரிப்பாள். எது மோசம் என்று அவனால் முடிவு செய்ய முடியவில்லை. "வேலை இருக்கிறது. பிறகு பேசுகிறேன்" என்று அனுப்பினான்.

கடைசியாக அவளிடமிருந்து வந்தது: "விசாவுக்குப் போட்டோ வேணும். சாயங்காலம் வரேன். இன்னிக்கும் நீ பேசலேன்னா இனிமே நான் கூப்பிட மாட்டேன்."

எதிர்ப்பக்கம் அவள் பஸ்ஸிலிருந்து இறங்கியதைக் கண்ணாடி வழியாகப் பார்த்ததும், திரைக்குப் பின்னால் போய்த் துண்டை எடுத்தான். வெட்டு வந்தது. மேஜையைப் பிடித்துக்கொண்டு அதைக் கடந்து, என்ன பேசுவது என்று தயாராக வெளியே வந்தான்.

அவள் வரவில்லை. பக்கத்துக் கடையில் குரல் கேட்டது. "என்னம்மா, வெளிநாடாமே? எங்களையெல்லாம் ஞாபகம் வச்சுக்குவியா?"

"உங்க கடையில வாங்கின சார்ஜரை மறக்க முடியுமாண்ணே? ரெண்டே நாள்ல புகைஞ்சுதே."

அவர் சிரித்தார். அவளும் சிரித்தாள். சுவருக்கு இந்தப் பக்கம் அவனுடைய நேரம் கரைந்துகொண்டிருந்தது. அவள் உள்ளே வந்தபோது, "வா" என்று சொல்ல உதட்டைப் பிரித்தான். கன்னம் சுருக்கென்றது. ஸ்டூலைக் கைகாட்டினான்.

அவள் உட்கார்ந்தாள். "அவ்வளவுதானா?"

கேமராவில் கண் வைத்தான். விசா போட்டோவுக்குச் சிரிக்கக் கூடாது என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுகிறவன். இவளிடம் சொல்லத் தேவையே இருக்கவில்லை. கண் நிறைந்து வந்ததும் அவள் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

அவன் குறுக்கே வந்து நின்றான். துண்டின் முனையை எடுத்து, அவள் பார்க்கும்போதே, கன்னத்தில் வைத்தான்.

முகம் கோணியது. அவள் பதறி நெருங்க, தொடாதே என்று கையை நீட்டினான். அது இறங்கிப் போனதும் பேசினான்.

"சீக்கிரம் கேளு, கொஞ்ச நேரந்தான் பேச முடியும். இது நரம்பு. பேசினா வலிக்குது, அதான் பேசல. நீ போறதுல எனக்குச் சந்தோஷம்."

அவள் ஸ்டூலில் சரிந்து உட்கார்ந்தாள். "நான் அன்னிக்கு சிரிச்சேனே."

"சிரிச்சே. தெருவே சிரிக்குது, நீ மட்டுமா? போ."

"நாங்க டிக்கெட்டைத் தள்ளிப்போட்டு..."

"தள்ளிப்போட்டேன்னா அப்புறம் நிஜமாவே பேச மாட்டேன்."

"லூசு" என்றாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. அவன் இன்னும் ஏதோ சொல்ல வந்தான். பாதியிலேயே நிறுத்திக் கையைத் தூக்கினான். அவளுக்குப் புரிந்தது. ஸ்டூலை அவனுடைய வலப்பக்கம் நகர்த்திப் போட்டுக்கொண்டு, கண் சிவப்பு வடியும்வரை அவளும் பேசாமல் இருந்தாள். பிறகுதான் போட்டோ எடுத்தான்.

வெளிநாட்டில் போய் இறங்கிய பிறகு அவள் ஒரு ஏற்பாடு செய்தாள். போனில் அவள் பேசுவாள், அவன் பதிலுக்குப் போனை நகத்தால் தட்ட வேண்டும். ஒரு தட்டு ஆமாம், இரண்டு தட்டு இல்லை.

"மாத்திரை போட்டியா?" ஒரு தட்டு.

"ஃபேனை நிறுத்தியாச்சா?" ஒரு தட்டு.

"இங்கே ஒரு போட்டோக்காரன் இருக்கான், ஓயாம பல்லைக் காட்டிக்கிட்டு. சகிக்கல. உன் மூஞ்சியே தேவலாம்."

தொண்டையிலிருந்து ஏறி வந்த சிரிப்பை உதட்டுக்கு வராமல் பிடித்தான். விரல் மட்டும் அடங்கவில்லை; தடதடவென்று தட்டியது.

"சிரிக்கிறியா?" என்றாள்.

ஒரு தட்டு.

அவள் போனை வைத்தாள். ரொட்டி பாலில் ஊறியிருந்தது. போய் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வந்து, துண்டின் முனையை எடுத்தான்.