நாலரை மணி வெயில்

இயக்குநர் ‘ஓகே’ சொல்லும்வரை அந்த ஊரில் சூரியன் மறையாது. முதல் படத்தின்போது ஜனங்கள் கொஞ்சம் மிரண்டார்கள். மூன்றாவது படத்துக்குள் பழகிப்போனது. கனமான போர்வைகளைப் படப்பிடிப்பு நாளாகப் பார்த்துத் துவைத்தார்கள். வேலை முடிவது வெயிலை வைத்தா கடிகாரத்தை வைத்தா என்று தொழிற்சாலையில் ஒருமுறை தகராறு வந்து, கடிகாரத்தை வைத்துத்தான் என்று முடிவானது.

இயக்குநரைப் பற்றி ஆவணப்படம் எடுக்க வந்த பெண், முதல் வாரம் முழுக்க அவர் வேலை செய்யும் விதத்தைப் பதிவுசெய்தாள். நடிகர்களுக்கு வசனத்தை முன்கூட்டிக் கொடுக்கமாட்டார். அவர்கள் முகத்தைப் பார்க்காமல் பாதத்தைப் பார்ப்பார். பொய்யாக நடிப்பவன் கட்டைவிரலை மடக்குவான் என்பது அவர் கட்சி. ஒரே காட்சியை நாற்பது முறை எடுப்பார். என்ன குறை என்று கேட்டால் சொல்லத் தெரியாது. “இன்னொண்ணு போலாம்” என்பார், அவ்வளவுதான். அந்த நாற்பதில் ஒன்றைப் பொறுக்கி எடுப்பவர் படத்தொகுப்பாளரான அவருடைய மனைவி. “உங்களுக்கு எடுக்கத்தான் தெரியும், நிறுத்தத் தெரியாது” என்று முப்பது வருடமாக அந்த அம்மாள் சொல்லிவந்தார்.

இரண்டாவது வாரம் அந்த அம்மாள் மருத்துவமனையில் கிடந்தார். இன்றைய பொழுதைத் தாண்டமாட்டார் என்று மருத்துவர் கைவிரித்துவிட்டார். அதைக் கேட்ட இயக்குநர் நேரே படப்பிடிப்புக்குப் போனார். கல்நெஞ்சக்காரன் என்று விளக்குக்காரர் முணுமுணுத்தார். நடிகை ஒரு கோப்பையை மேசைமேல் வைக்க வேண்டும், காட்சி அவ்வளவுதான். நாலரை மணி வெயிலில் தொடங்கினார்கள். நூறாவது முறை எடுத்தபோதும் அதே நாலரை மணி வெயில்தான் மேசைமேல் கிடந்தது. அப்போதுதான் விளக்குக்காரருக்கு விஷயம் புரிந்தது. அதன்பின் ஒவ்வொரு முறையும் யாரும் சொல்லாமலே விளக்கைச் சரிசெய்து வைத்தார். கோப்பையின் காது உடைந்து வேறு கோப்பை வந்தது. நடிகையின் மணிக்கட்டு வீங்கியது. ஆட்கள் முறைவைத்துத் தூங்கினார்கள். ஊரில் ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணி கட்டிப் படுத்தார்கள். ஒருவரும் குறை சொல்லவில்லை. கடிகாரக் கணக்குப்படி ஒன்பது நாள் போயிற்று. மருத்துவமனையில் அந்த அம்மாளின் உயிர் போகவில்லை. வலியும் போகவில்லை.

ஆவணப்படக்காரி அங்கே போனாள். கணவரின் வேலைமுறையைப் பற்றிக் கேட்கலாம் என்று நினைத்திருந்தாள். அந்த அம்மாள் கேட்கவே விடவில்லை. “கேமராவைப் போடும்மா” என்று சொல்லிவிட்டு லென்ஸைப் பார்த்தார்.

“ஏங்க, ஒன்பது நாளா நீங்க அங்க, நான் இங்க. இதுக்கா என் உயிரைப் பிடிச்சு வச்சிருக்கீங்க? வலி தாங்க முடியல. போதும், பக்கத்துல வந்து உக்காருங்க.”

படப்பிடிப்பில் அவள் கொண்டுவந்து காட்டியதை இயக்குநர் ஒரே ஒரு முறைதான் பார்த்தார். உயிரைக் காப்பாற்றுகிற வேகத்தில், உயிரோடு இருந்தவளைப் பார்க்க ஒரு தடவைகூடப் போகவில்லையே என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது. நடிகை கோப்பையும் கையுமாக நிற்க, கழற்றிப்போட்ட செருப்பைக்கூடத் தேடாமல் கிளம்பினார்.

கட்டிலருகே உட்கார்ந்து மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு, “ஓகே” என்றார். சூரியன் வழக்கமான வேகத்தில் இறங்கி ஆறேகாலுக்கு மறைந்தது. அந்த ஒன்றே முக்கால் மணி நேரத்தில் இருவரும் என்ன பேசினார்கள் என்பது ஆவணப்படத்தில் இல்லை. அந்தப் பெண் கேமராவை அணைத்துவிட்டு வெளியே போய்விட்டாள். பிறகு செவிலி வந்து விளக்கைப் போட்டார்.