சும்மா நேரத்தை மதிப்பிடுதல்

1

இந்தக் கதை என்னுடையது அல்ல, அக்காவினுடையது. ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே பாதி தனக்கும் பாதி எனக்குமாக அவள் சொன்னாள். பக்கத்தில் இருந்த பாவத்துக்கு எனக்கு ஒரு கதை கிடைத்தது.

அக்கா மாற்றுத்திறனாளிகள் நலத் துறையில் மதிப்பீட்டுப் பிரிவின் தலைவி. ஒவ்வொரு திட்டத்தையும் நேரில் போய்ப் பார்த்து, யாருக்காக ஆரம்பித்தார்களோ அவர்களுக்கு அது உண்மையிலேயே உதவுகிறதா என்று சொல்ல வேண்டும். அவள் சொல்வதைப் பொறுத்துத் திட்டம் தொடரும், மாறும், அல்லது இழுத்து மூடப்படும். அதனால் அவள் போகும் இடமெல்லாம் தரை அப்போதுதான் துடைத்திருக்கும். "நான் பார்க்கற உலகமே ஈரத் தரைடா," என்பாள்.

2

முதலில் எழுதிய தொடக்கம்: 'திரைச்சீலை வழியே வெயில் பால்போல வடிந்த ஒரு பிற்பகலில், அவள் பூப்போலச் சிரித்த'

நான் படித்துக் காட்டியதை அக்கா இங்கேயே நிறுத்திவிட்டாள். "அவ பூவும் இல்லை, காயும் இல்லை. முப்பது வயசுப் பொம்பளை. எரிச்சல் வந்தா கண்ணை உருட்டுவா. ஒழுங்கா எழுது."

ஒழுங்காக எழுதுகிறேன். அது ஒரு பகல்நேரப் பராமரிப்பு மையம். தனியாக நடமாட முடியாத பெரியவர்கள் காலையில் வேனில் வந்து மாலையில் வீடு திரும்புவார்கள். அவர்களில் ஒருத்திக்கு ஜன்னல்காரி என்று பெயர் விழுந்துவிட்டது. வேனில் அவளுடைய சக்கர நாற்காலியை ஜன்னலோரம் பூட்டாவிட்டால் கத்தி ஊரைக் கூட்டிவிடுவாள். கை, கால், நாக்கு எதுவும் அவள் சொன்னபடி கேட்பதில்லை. கண்கள் மட்டும் கேட்கும். மேலே பார்த்தால் ஆமாம், கீழே பார்த்தால் இல்லை.

மையத்தைப் பற்றி எல்லாருக்கும் திருப்திதான். வேன் பற்றித்தான் புகார். ஊரெல்லாம் சுற்றி ஒவ்வொருவராக ஏற்றிக்கொண்டு வர ரொம்ப நேரமாகிறது. முதுகுவலிக்காரர் ஒருவர் இறங்கும்போது அழுதேவிடுகிறார். இன்னொரு வேன் விட்டால் பயணம் பாதியாகக் குறையும். மிச்சமாகும் நேரத்தில் கூடுதலாக ஒரு பயிற்சி வகுப்பு நடத்தலாம். அக்கா அப்படித்தான் பரிந்துரைக்க இருந்தாள். இதை யார் வேண்டாம் என்பார்கள்?

3

ஜன்னல்காரி வேண்டாம் என்றாள்.

அக்கா அவள் எதிரே உட்கார்ந்து, "சீக்கிரம் வந்து சேர்ந்துட்டா நல்லதுதானே?" என்று கேட்டாள். கண்கள் கீழே போயின. கேள்வி புரியவில்லையோ என்று திருப்பிக் கேட்டாள். மறுபடியும் கீழே, கூடவே ஓர் உருட்டல்.

"இங்க வரப் பிடிக்கலையா?" கீழே.

"வேன்ல வர்றது பிடிக்குமா?" மேலே.

கூட வந்திருந்த அவள் அம்மா, தையல் வேலை செய்பவர், பெருமையாகச் சொன்னார்: "வெளிய வேடிக்கை பார்க்கணும் மேடம் அவளுக்கு. அதுன்னா உயிரு."

கண்கள் கீழே இறங்கின.

அம்மா திகைத்துப் போனார். "பின்ன எதுக்குடி உனக்கு ஜன்னல்?"

அந்தக் கேள்விக்கு மேலே என்றோ கீழே என்றோ பதில் சொல்ல முடியாது. மறுநாள் காலை அக்கா அந்த வேனிலேயே ஏறிக்கொண்டாள்.

4

[இந்தப் பகுதியை ஆசைப்பட்டு எழுதினேன். அதனால் கொஞ்சம் சந்தேகத்தோடு படியுங்கள்.]

மழை விட்டிருந்தது. வேன் கண்ணாடிகளில் மூச்சு படிந்து, கடைகளும் மரங்களும் தண்ணீருக்கு அடியில் நகர்வதுபோல நகர்ந்தன. எஞ்சின் ஒரே சுருதியில் முனகியது. யாரும் பேசவில்லை. ஜன்னல்காரி வெளியே பார்க்கவே இல்லை. நெற்றியைக் கண்ணாடியில் சாய்த்து, அதன் அதிர்வில் லேசாக நடுங்கியபடி, கண்ணை அரைகுறையாக மூடி, எங்கேயோ இருந்தாள். சாலை முடிந்துபோனது. வேன் சத்தமில்லாமல் ஒரு முழம் எழும்பி, மஞ்சள் வெளிச்சத்தில் மிதந்துகொண்டே போனது.

[வேன் எழும்பியது என் வேலை. அந்த வரியை அடிக்கச் சொன்னாள். அடிக்கவில்லை.]

"தூங்கினேனா முழிச்சிருந்தேனான்னே தெரியலைடா," என்றாள் அக்கா. "நான் யாரு, என்ன வேலைக்கு வந்தேன், ஒண்ணுமே இல்லை. என்னை யாரும் எதுவும் கேட்கலை. அப்பத்தான் சட்டுனு பிடிபட்டுது."

அவள் ஜன்னல்காரியின் பக்கம் குனிந்து மெதுவாகக் கேட்டாள்: "இங்க உன்னை யாரும் எதுவும் பண்றதில்லை. அதுதானா?"

கண்கள் மேலே போயின. ரொம்ப நேரம் இறங்கவே இல்லை.

விழித்ததிலிருந்து அவளை யாராவது தூக்குகிறார்கள், துடைக்கிறார்கள், ஊட்டுகிறார்கள், கைகால்களை நீட்டி மடக்குகிறார்கள், படம் காட்டி இது என்ன என்று கேட்கிறார்கள். எல்லாம் அன்பாகத்தான். வேனில் மட்டும்தான் பெல்ட்டைப் பூட்டிவிட்டு அவளை அவளிடம் விட்டுவிடுகிறார்கள்.

5

இதை அம்மாவிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்ததாம்.

"அப்போ நான் தொட்டா உனக்குத் தொல்லையாடி?" என்று அம்மா கேட்டார். மகளின் கண்கள் அவசர அவசரமாகக் கீழே போயின, திரும்பத் திரும்ப. அம்மா மகளின் கன்னத்தைத் துடைக்கக் கையைக் கொண்டுபோனவர், பாதியில் நிறுத்தி, "துடைக்கட்டுமா?" என்று கேட்டார். முப்பது வருஷத்தில் முதல்முறை. கண்கள் மேலே போயின.

[கதை இங்கேயே முடிந்திருந்தால் எனக்கு நிம்மதி. ஆனால் அக்கா அரசாங்க வேலையில் இருக்கிறாள்.]

மிச்சமாகும் நேரத்தில் அவர்களைச் சும்மா விடலாம் என்று அக்கா பரிந்துரைத்ததும் துறை இயக்குநருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சும்மா இருக்கறதுக்கு அரசாங்கம் செலவு பண்ணணுமா மேடம்?"

"நீங்க மத்தியானம் கதவைச் சாத்திட்டு இருக்கீங்களே சார், அதுக்குப் பண்ணுதே."

(இதை மனசுக்குள்தான் சொன்னாளாம். கதையில் வாய்விட்டே சொல்லட்டும்.)

எப்படியோ மனிதர் இறங்கிவந்தார். இரண்டாவது வேன் வந்தது. முதுகுவலிக்காரர் இப்போது அழுவதில்லை. மிச்சமான நேரத்தில் பயிற்சி வகுப்பு இல்லை. அதற்குப் பதில் விரும்புகிறவர்களுக்கு, மையத்தின் பின்னறையில், யாரும் தொடாத, எதுவும் கேட்காத சும்மா நேரம். ஆனால் இயக்குநர் ஒரு நிபந்தனை வைத்தார்: அதனால் பயன் உண்டா என்று மதிப்பிட்டுச் சொல்ல வேண்டும். இல்லையென்றால் பழையபடி வகுப்பு.

மதிப்பிட வேண்டியவள் அக்கா.

6

"போய்க் கேட்டாத்தான் தெரியும். கேட்டா அது சும்மா நேரம் இல்லை," என்றாள்.

"வெளிய வந்தப்புறம் கேளேன்."

"வெளிய வந்தா பத்துப் பேர் கேட்கக் காத்திருக்காங்க. அதுல நானும் ஒருத்தியா?"

நான் முடிவுகளை எழுதிப் பார்த்தேன். ஒன்றில் அக்கா கேட்கிறாள், கண்கள் மேலே போகின்றன, அறை நிலைக்கிறது. இன்னொன்றில் கீழே போகின்றன. அறை அறைதான், வேன் ஆகாது. நல்லெண்ணத்தில் அவளுடைய வேன் மிதப்பைப் பாதியாக வெட்டிவிட்டோம் என்பது அப்போதுதான் தெரிகிறது. மூன்றாவதில் அக்கா கேட்காமலே திரும்பிவந்து, கேட்டதாக எழு

வேண்டாம். அவள் அப்படிப்பட்டவள் இல்லை.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். நேற்றுப் பிற்பகல் அக்கா அந்த அறைக்குள் போனாள். திரைச்சீலை உப்பி, பிறகு அடங்கியது. யாரோ ஒருவர் மெலிதாகக் குறட்டை விட்டார். ஜன்னல்காரி கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தாள், கேள்விக்காகக் காத்திருந்தாள். அக்கா சுவரோரம் தரையில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் அந்தக் கண்கள் தாமாகவே மூடிக்கொண்டன.

"கேட்டியா இல்லையா?" என்றேன்.

"கேட்கறதுக்கு நீ வேற ஒருத்தன்டா."

அறிக்கை இன்னும் போகவில்லை. அதில் என்ன எழுதலாம் என்று உங்களுக்குத் தோன்றினால் தோன்றட்டும். இந்தக் கதை எப்படி இருந்தது என்று உங்களிடம் நான் கேட்கப்போவதில்லை.