உப்புத் தண்ணீர் ஏறும் தலை

புதன்கிழமைதோறும் டாக்டர் லீவியா என் தலைக்குள் உப்புத் தண்ணீர் ஏற்றுவார். பாதி மண்டையில் முடி இருக்கிறது. அந்தத் தோலுக்கு அடியில் ஒரு சிலிக்கோன் பை. பை வீங்க வீங்கத் தோல் வளரும். வளர்ந்த தோலை இழுத்து, மறுபாதித் தழும்பின் இடத்தில் தைப்பார்கள்.

அந்தத் தழும்பு எங்கள் படகு கொடுத்தது. அடித்தளத்தில் மோட்டார் அச்சு திறந்தபடியே சுழலும். தேங்கிய தண்ணீரை இறைக்கக் குனிந்தேன். அச்சு முடியைச் சுற்றித் தோலோடு இழுத்துவிட்டது.

பெலெங் நகரத்து நோயாளிகள் விடுதியில், தண்ணீர் ஏற்றிய நாளெல்லாம் தூளியில் கிடப்பேன். ஆற்றங்கரைக்காரி நான், கடலைப் பார்த்ததே இல்லை. ஆனாலும் தலைக்குள் அலை வந்து வந்து போகும். நீளமான முடி ஒன்று அதில் மிதந்து போகும். பிடிக்கக் கை நீட்டினால் விழிப்பு வந்துவிடும். பாழாய்ப்போன விழிப்பு.

பக்கத்துத் தூளி ஜூசிலேனியும் அச்சில் முடியை இழந்தவள்தான். வாய் மட்டும் குறையவில்லை.

"என்னடி ஓசா, தலையில இரட்டைப் பிள்ளையா? எத்தனை மாசம்?"

"பத்து வாரம். பொறந்தா உன் பேரத்தான் வைக்கப்போறேன்."

விடுதிக்கும் ஆஸ்பத்திரிக்கும் வெளியே யாருக்கும் என் தலையைக் காட்டியதில்லை, கணவன் வல்தெசிக்குக்கூட. முடி வந்த பிறகுதான் காட்டுவது என்று இருந்தேன். அதுவரை எப்போதும் துணிக்கட்டு.

பதினோராவது வாரம், நான்கு நாள் வீட்டுக்கு அழைத்துப்போக அவன் வந்தான். துறையில் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. ஏழு வயது மகள் தைனாரா படகுக்குள் உட்கார்ந்து அசாயிப் பழக் கூழில் மரவள்ளி மாவைப் போட்டுத் தின்றுகொண்டிருந்தாள். குளித்த முடி விரிந்து கிடந்தது. ஒரு சாண் தள்ளி அச்சு, மூடாமல்.

"இன்னும் தொறந்துதான் கெடக்கா?"

"பலகை போட்டா தண்ணி இறைக்க முடியாது ஓசா. எல்லாப் படகும் இப்படித்தானே. பாப்பா முடியக் கட்டிக்கிட்டா போச்சு. ஏறு, ஓதம் எறங்கி ஆத்துத் தண்ணி வத்தப்போவுது."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. துணியை உருவி எறிந்தேன்.

"பாரு. நல்லாப் பாரு. இவளுக்கும் இது வேணுமா?"

துறையே பார்த்தது. ஒரு பக்கம் வீக்கம், ஒரு பக்கம் வழுக்கைத் தழும்பு. வல்தெசி மோட்டாரை அணைத்தான். தான் உட்காரும் பலகையைப் பெயர்த்து அச்சின்மேல் வைத்து ஆணி அடிக்க ஆரம்பித்தான்.

அதற்குள் நீர் வற்றிப் படகு சேற்றில் உட்கார்ந்துவிட்டது. தைனாரா இறங்கி வந்து, துறையில் உட்கார்ந்திருந்த என் மடியில் ஏறிக்கொண்டாள். வெயில் மண்டையில் நேராக விழுந்தது. மற்றப் படகுக்காரர்கள் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். பார்க்கட்டும் என்று அப்படியே உட்கார்ந்திருந்தேன்.